நெடுந்தூர ஓட்டவீரர் எமில் சாட்டோபெக்

நெடுந்தூரம் ஓட விரும்புபவன் நெடுந்தூரம் ஓடியே பழகவேண்டும் என்பது எவருக்குந் தோன்றக்கூடிய எண்ணம். 6 மைல் ஓட்டத்துக்கு ஆயத்தஞ் செய்பவன் விடியற்காலையில் எழுந்து 6 மைல் ஓடுவான். இயலுமாயின் 8 மைல் ஓடுவான். ஒரு காலத்தில் உலகத்து ஓட்டவீரருட் பெரும்பாலோர் இவ்வாறே பழகினர். இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கி, 400 மீற்றர் வட்டத்தை வேகமாக ஓடுவது, சிறிது தூரம் மெல்ல ஓடி ஆறுவது, திரும்பவும் வேகமாக ஓடுவது என்று ஒரே நாளில் 20 முறை, 40 முறை, 60 முறை ஓடிப் பழகி, அதனாலேயே உலகை வியக்க வைத்தவர் எமில் சாட்டோபெக். எங்கள் மூத்தோரிற் சிலர் அப்பெயரைப் பத்திரிகைகளிற் படித்திருப்பர். இளைஞர் பலருக்கு அது புதிதாக இருக்கலாம். இருசாராரும் அறியத்தக்க வாழ்க்கை அவருடையது.

எமில் 1922 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆந் திகதி, செக்கோசிலோவாக்கியாவின் மொறாவியப் பகுதியிலுள்ள கொப்ரிவ்நிற்சே என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளி. வீட்டிற் பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. ஆகவே 16 ஆவது வயதில் எமில் ஸ்லீன் நகரத்துப் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். பாட்டா என்னும் பெயரை எங்கள் நாட்டில் அறியாதார் இல்லை. அக்கம்பனி தோன்றிய இடம் இந்த ஸ்லீன் நகரமே. சப்பாத்துச் செய்யும் இடத்திலிருந்து உலகத்தின் ஓட்டவீரன் புறப்பட்டான் என்பது கேட்க வேடிக்கையாக இருப்பினும், அந்நாளில் எமிலுக்கு ஓட்டத்தில் எள்ளளவேனும் விருப்பம் இருக்கவில்லை.

அவருக்கு 18 வயதாயிருந்தபோது கம்பனியின் ஆதரவில் ஓர் ஓட்டப்போட்டி நடைபெற்றது. தொழிற்சாலையின் விளையாட்டுப் பொறுப்பாளர் கண்டிப்பான மனிதர். அவர் சில இளைஞரைச் சுட்டிக்காட்டி ஓடவேண்டுமென்று கட்டளையிட்டார். அவர்களுள் எமிலும் ஒருவர். தாம் பலவீனர், ஓடத் தகுதியற்றவர் என்று அவர் சாட்டுச் சொல்லிப் பார்த்தார். வைத்தியர் பரிசோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். வேறு வழியின்றி ஓடினார். ஏறக்குறைய 100 பேர் ஓடிய அப்போட்டியில் இரண்டாவதாக வந்தார். வேண்டா வெறுப்பாக ஓடத் தொடங்கியவரை அன்றிலிருந்து ஓட்டம் பற்றிக்கொண்டது.

ஸ்லீன் நகரத்தில் அவருக்கு ஆரம்பத்தில் வழிகாட்டியவர் ஜான் ஹலூசா என்பவர். அவரும் சிறந்த ஓட்டவீரர், சட்டம் படித்தவர். ஒழுங்காகப் பழகும் முறையை எமில் கற்றுக்கொண்டது இவரிடமே. ஹலூசாவின் பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னர் அவரைப்பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

அது நாசி ஜேர்மனியர் அந்நாட்டை ஆண்ட யுத்த காலம். உணவுக்கும் உடைக்கும் தட்டுப்பாடு. அந்நிலையிலும் 1944 ஆம் ஆண்டில் 2,000, 3,000, 5,000 மீற்றர் ஓட்டங்களில் எமில் தம் நாட்டின் சாதனைகளை முறியடித்தார். யுத்தம் முடிந்தபின் இராணுவத்திற் சேர்ந்தார்.

இனி அவருடைய பயிற்சியைப்பற்றிக் கூறுவோம். ஓடியும் ஆறியும் பழகும் இடைவேளைப் பயிற்சியை அவரே முதன்முதற் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவர், அது சரியன்று. பின்லாந்தின் பாவோ நூர்மி 1920 களிலேயே குறுகிய தூரங்களை வேகமாக ஓடிப் பழகியவர். அதனைப் படித்தே எமிலின் சிந்தனை தூண்டப்பட்டது. ஜேர்மனியில் வோல்டெமார் கேர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ரைன்டெல் என்னும் இதய வைத்தியரும் இம்முறையை விஞ்ஞான முறைப்படி வகுத்தனர். கேர்ஷ்லரிடம் பயின்ற ருடொல்ப் ஹார்பிக் 1939 ஆம் ஆண்டில் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அச்சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. ஹார்பிக் யுத்தத்தில் 1944 இல் மாண்டுபோனார்.

கேர்ஷ்லர் வகுத்த கணக்கு எளிதானது. இதயம் நிமிடத்துக்கு 180 முறை அளவில் அடிக்கும்வரை ஓடவேண்டும். பின்பு 120 ஆகக் குறையும்வரை ஆறவேண்டும். 90 விநாடிக்குள் அவ்வாறு குறையாவிட்டால் ஓடிய வேகம் மிகை, அல்லது ஓடிய தூரம் மிகை என்று கொள்ளவேண்டும். இதிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இதயம் பலப்படுவது ஓடும் வேளையிலன்று, ஆறும் வேளையிலேயே என்று அவ்விருவரும் கருதினர். நாடி குறைந்து வரும்போது ஒவ்வோர் அடியிலும் மிகுதியான இரத்தம் இதயத்தினுட் புகுந்து வெளியேறுகின்றது. அதனால் இதயம் விரிந்து வலுப்பெறுகின்றது என்பது அவர்கள் கொள்கை. இடைவேளை என்பது சும்மா இருக்கும் நேரமன்று; பயிற்சியின் உயிர் அதிலேதான் இருக்கின்றது. இம்முறைக்கு ஓட்டத்தின் பெயரை வையாது இடைவேளையின் பெயரை வைத்ததும் பொருத்தமே.

சாட்டோபெக் இத்தகைய கணக்குப் பார்ப்பவர் அல்லர். பெரும்பாலும் தம் உடலின் உணர்வையே கடிகாரமாகக் கொண்டார். அவர் எண்ணம் இவ்வாறு சென்றது: மெதுவாக ஓடுவது தமக்கு முன்னமே தெரியும், தெரியாதது வேகமாக ஓடுவது, ஆகவே பழகவேண்டியது அதுவே. நீ என்ன, 100 மீற்றர் ஓட்டக்காரனா என்று கண்டவர்கள் நகைத்தனர். 100 மீற்றரை ஒரு தரம் ஓடினாற் குறுந்தூர ஓட்டம். 20 தரம் ஓடினால் அது 2 கிலோமீற்றர் அல்லவா? வேகத்தையும் தாங்கும் சக்தியையும் ஒரே பயிற்சியில் தேடிக்கொள்ளும் வழி இது என்று அவர் கண்டார்.

அக்காலத்தில் அவர் வழக்கமாகச் செய்த பயிற்சி ஒன்றைக் கூறுகிறேன். முதலில் 200 மீற்றர் 5 முறை. பின்பு 400 மீற்றர் 20 முறை. முடிவில் மீண்டும் 200 மீற்றர் 5 முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 200 மீற்றர் அளவு மெல்லோட்டம். படுப்பதில்லை, நிற்பதில்லை, இடுப்பிற் கைவைத்து நடப்பதுமில்லை. வேகமாக ஓடிய தூரத்தை மாத்திரம் கூட்டிப்பாருங்கள்: 1,000, 8,000, 1,000, சரியாக 10,000 மீற்றர். போட்டியில் இடைவிடாது ஓடவேண்டிய 25 வட்டத்தையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் முழுவேகத்துக்கு அண்மையில் ஓடும் ஆற்றலைத் தேகத்துக்குப் பழக்கினார். இடையில் நில்லாது ஓடியதனாற் களைப்போடு ஓடவும் பழகிக்கொண்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல 20 முறை 40 ஆயிற்று. 40 முறை 60 ஆயிற்று.

ஓடுபாதை கிடைக்காத இடத்திற் காட்டுப்பாதையில் இதனையே செய்தார். கனத்த இராணுவச் சப்பாத்துகளை அணிந்து ஓடினார். பின்பு இலேசான சப்பாத்தை அணியும்போது கால்கள் பறப்பதுபோலிருக்கும் என்பது அவர் கணக்கு. பனி கொட்டினாலும் ஓட்டம் நிற்கவில்லை. வீட்டிலே உடுப்புத் துவைக்கவேண்டிய நாளில், தொட்டியிலே துணிகளையும் நீரையும் இட்டு அதனுள் நின்றவாறே ஓடினார் என்றும் சொல்வர். சாலையோரத்து மரங்களை எண்ணி மூச்சை அடக்கி நடந்து, நாளுக்கு நாள் மரங்களின் தொகையைக் கூட்டி, ஈற்றில் ஒருநாள் மயங்கி விழுந்தார் என்பதும் அவரைப்பற்றி வழங்கும் கதை. இவ்விளையாட்டை எமது இளைஞர் எவரும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

1946 ஆம் ஆண்டில் ஒஸ்லோ நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீற்றரில் ஐந்தாவதாக வந்தார். அதே ஆண்டு பேர்லினில் நேசநாட்டுப் படைகளுக்கிடையே நடந்த போட்டிக்குச் செக்கோசிலோவாக்கியாவின் சார்பிற் சென்றவர் அவர் ஒருவரே. நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னே தனியொருவராய் அணிவகுத்துச் சென்ற அவரைக் கண்டு கூட்டம் சிரித்தது. ஓட்டம் முடிந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிக் கரகோஷமாயிற்று.

1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழா வந்தது. ஜூலை 30 ஆந் திகதி 10,000 மீற்றர் ஓட்டம். உலக சாதனைக்குரிய பின்லாந்து வீரர் ஹெய்னோவே வெல்வார் என்பது பலர் எண்ணம். சாட்டோபெக் வட்டத்துக்கு 71 விநாடி என்று திட்டமிட்டிருந்தார். பார்வையாளர் பகுதியில் இருந்த நண்பர் வேகம் சரியாயிருக்கும்வரை வெள்ளைச் சட்டையையும், குறைந்தாற் சிவப்புச் சட்டையையும் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. சிவப்பைக் கண்டதும் சாட்டோபெக் பாய்ந்தார். ஹெய்னோ சிறிது தூரம் தொடர்ந்தார். பின்பு ஓட்டத்தை விட்டே விலகினார். 29 நிமிடம் 59.6 விநாடியில் சாட்டோபெக் முடித்தபோது இரண்டாவதாக வந்த பிரான்சின் அலைன் மீமுன் 48 விநாடி அளவு பின்னால் இருந்தார். மறுநாள் அதே மைதானத்திலேதான் எமது டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் இலங்கைக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தார்.

5,000 மீற்றர் ஓட்டத்தில் மழையால் ஓடுபாதை சேறாகியிருந்தது. கடைசி வட்டம் தொடங்கியபோது பெல்ஜியத்தின் காஸ்தோன் ரெய்ப் வெகுதூரம் முன்னே. இனி ஒன்றுமில்லை என்று பார்த்தவர்கள் எண்ணியிருந்தபோது சாட்டோபெக் திடீரென்று விழித்தெழுந்தவர்போல் ஓடத் தொடங்கினார். 0.2 விநாடியில் வெற்றி தவறியது. கணக்குப் பிழை அவருடையதே. முன்னரே துரத்தத் தொடங்கியிருந்தால் இரண்டு தங்கமும் அவருக்கே. ஆயினும் 12 வட்டம் ஓடிய பின்னரும் அத்தனை வேகம் அந்தக் கால்களில் எங்கேயிருந்தது என்று நிபுணர்கள் கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

அவர் ஓடும் தோற்றம் அழகானதன்று. தலை ஒருபுறம் சாயும், நாக்கு வெளியே தள்ளும், முகம் வேதனையால் நெரியும், தோள்கள் முறுகும். இந்த மனிதன் அடுத்த வட்டத்தில் விழுந்துவிடுவான் என்று புதிதாய்ப் பார்ப்பவர் அஞ்சுவர். செக் நாட்டுப் புகையிரத எஞ்சின் என்று அவருக்குப் பெயரிட்டனர்.

லண்டன் விழா நடந்த 1948 ஆம் ஆண்டிலேயே அவர் டானா இங்குரோவா என்னும் ஈட்டி எறியும் வீராங்கனையை மணந்தார். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரே நாளில்!

1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவே அவர் வாழ்வின் சிகரம். அதற்குப் புறப்படுமுன் நடந்த ஒரு சம்பவம் உண்டு. அவருடைய தோழரான ஸ்தானிஸ்லாவ் யுங்விர்த் என்னும் ஓட்டவீரர், தந்தையாரின் அரசியல் காரணமாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். யுங்விர்த் செல்லாவிடின் தாமும் செல்வதில்லையென்று சாட்டோபெக் விமானத்தில் ஏற மறுத்தார். அந்நாளில் அந்நாட்டில் இவ்வாறு மறுப்பது சிறைக்குப் போகக்கூடிய காரியம். முடிவில் அரசாங்கம் இணங்கியது, இருவரும் சென்றனர்.

ஜூலை 20 இல் 10,000 மீற்றரை 29 நிமிடம் 17 விநாடியில் ஓடி வென்றார். வட்டமொன்றுக்கு 70 விநாடிக்குச் சற்று மேல். ஜூலை 24 இல் 5,000 மீற்றர். இடைவேளைப் பயிற்சி ஒருவனுக்கு என்ன கொடுக்கும் என்று கேட்பவர்கள் அந்த ஓட்டத்தின் கடைசி வட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். மணி ஒலித்ததும் சாட்டோபெக் முன்னே சென்றார். சிறிது நேரத்தில் இங்கிலாந்தின் சாற்றவே, ஜேர்மனியின் ஷாடே, மீமுன் ஆகிய மூவரும் அவரைக் கடந்துவிட்டனர். நான்காவது இடம், எஞ்சியது அரை வட்டம். கடைசி வளைவில் மூவருக்கும் வெளிப்புறமாக, அதாவது அவர்களிலுங் கூடிய தூரத்தைச் சுற்றிக்கொண்டு, அவர் பாய்ந்தார். சாற்றவே ஓரக் கட்டில் கால் தடுக்கி விழுந்தார். மற்ற இருவரும் தொடர்ந்தும் எட்டவில்லை. அக்கடைசி வட்டத்தை அவர் ஏறக்குறைய 58 விநாடியில் ஓடினார் என்பர். 14 நிமிடம் 6.6 விநாடியில் வெற்றி. ஆயிரக்கணக்கான 400 மீற்றர்களைக் களைத்த கால்களோடு ஓடிப் பழகியவனுக்குக் களைத்தபின் வரும் 400 மீற்றர் புதிதன்று. அன்றே, ஒரு மணி நேரமும் ஆகுமுன், டானா ஈட்டி எறிதலில் 50.47 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். (அதே ஹெல்சிங்கி விழாவில் யாழ்ப்பாணத்து நா. எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றினார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.)

அதனோடு நில்லாது, வாழ்க்கையில் ஒருபோதும் ஓடியிராத மரதன் ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்தார். சில கிழமைகளுக்கு முன்னரே அத்தூரத்தை உலகத்தில் எவரும் ஓடாத வேகத்தில் ஓடியிருந்த இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் உடனிருந்தார். அவரைப் பின்பற்றினால் வழி தெரியும் என்று சாட்டோபெக் கருதினார். பாதியிலே, இந்த வேகம் போதுமா என்று அவரிடமே விசாரித்தாராம். பீற்றர்ஸ் போதாது என்று விளையாட்டாகச் சொல்ல, சாட்டோபெக் அதனை மெய்யென நம்பி வேகத்தைக் கூட்டினார் என்பது கதை. பீற்றர்ஸ் வழியிலேயே விலகினார். 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில் தனியொருவராய் மைதானத்தினுள் நுழைந்த சாட்டோபெக்கை, அஞ்சல் ஓட்டத்தில் வென்ற ஜமெய்க்கா வீரர்கள் தோளிலே தூக்கிச் சென்றனர். 5,000, 10,000, மரதன் ஆகிய மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இன்றுவரை இல்லை.

1954 ஆம் ஆண்டிற் பயிற்சி உச்சத்தை அடைந்தது. சில நாட்களிற் காலையில் 400 மீற்றர் 50 முறை, மாலையில் 50 முறை. வேகமாக ஓடியது மாத்திரம் 40 கிலோமீற்றர். அவ்வாண்டு மே 30 இல் பாரிசில் 5,000 மீற்றரை 13 நிமிடம் 57.2 விநாடியில் ஓடி, சுவீடனின் ஹெக் 12 ஆண்டுகளாக வைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். இரண்டு நாள் கழித்து, ஜூன் 1 இல், பிரசெல்சில் 10,000 மீற்றரை 28 நிமிடம் 54.2 விநாடியில் ஓடினார். 29 நிமிடத்துக்குட் புகுந்த முதல் மனிதர் அவரே. அவர் ஏற்படுத்திய உலக சாதனைகள் மொத்தம் 18.

இந்த 100 என்னும் எண்ணைக் கேட்டு எவரும் மறுநாளே மைதானத்துக்கு ஓடவேண்டாம். அது பத்தாண்டுக்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கட்டிய வீடு. அத்திவாரமில்லாதவன் அதனைச் செய்தால் முழங்காலும் கணுக்காலுமே பலியாகும். எங்கள் இளைஞருக்கு 400 மீற்றர் 4 அல்லது 6 முறை, கிழமைக்கு ஒருநாள், தொடங்குவதற்குப் போதும். சாட்டோபெக்குக்குப் பின் பலர் இம்முறை ஒன்றையே நம்பி அளவுக்கு மிஞ்சிச் சென்றனர். நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் முதலில் மாதக்கணக்காக நீண்டதூரம் ஓடி அடித்தளமிட்டு, அதன் பின்னரே வேகப்பயிற்சி செய்யவேண்டும் என்றார். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் ஸ்னெல் 800 மீற்றரையும் ஹால்பேர்க் 5,000 மீற்றரையும் வென்றனர். இன்றைய பயிற்சியாளர் இரண்டையும் கலந்தே வகுக்கின்றனர்.

1956 இல் மெல்பேண் ஒலிம்பிக்குக்குச் சில காலத்துக்கு முன் சாட்டோபெக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். உடல் தேறுமுன்னரே மரதன் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர் யார் தெரியுமா? இத்தனை ஆண்டும் அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த மீமுன். தாம் வென்றபின் முடிவிடத்தை விட்டகலாது, சாட்டோபெக் வந்து சேரும்வரை மீமுன் காத்து நின்றார். வந்தவர் சல்யூட் செய்து, பின் கட்டித் தழுவினார். மறு ஆண்டு சாட்டோபெக் போட்டிகளிலிருந்து விலகினார்.

உலக சாதனைகள் பல ஏற்படுத்தியும் ஒலிம்பிக் தங்கம் பெறாத அவுஸ்திரேலிய வீரர் றொன் கிளார்க் 1966 ஆம் ஆண்டில் பிராக் நகருக்கு வந்திருந்தார். புறப்படும்போது சாட்டோபெக் ஒரு சிறு பொதியை அவர் கையில் வைத்தார். விமானத்தில் அதனைப் பிரித்தபோது உள்ளே இருந்தது 1952 ஆம் ஆண்டின் 10,000 மீற்றர் தங்கப் பதக்கம்.

1968 இல் அந்நாட்டில் அரசியற் சீர்திருத்தம் வேண்டி எழுந்த இயக்கத்தைச் சாட்டோபெக் ஆதரித்து, இரண்டாயிரஞ் சொற்கள் என்னும் அறிக்கையில் ஒப்பமிட்டார். ஓகஸ்ட் மாதத்தில் சோவியத் நாட்டின் தலைமையில் அந்நியப் படைகள் புகுந்தபோது வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அதன் விளைவாக இராணுவப் பதவியும் கட்சி அங்கத்துவமும் பறிபோயின. நிலத்தைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளருடன் சேர்ந்து, நகரத்தையும் மனைவியையும் பிரிந்து, ஊர் ஊராய்ச் சில ஆண்டுகள் உழைத்தார். 1971 இல் தாம் முன்பு கூறியவற்றைக் கைவிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். இதனை அவருடைய அன்பர் பலர் மன்னிக்கவில்லை. நாமும் மறைக்கத் தேவையில்லை. ஓடுபாதையில் அவர் பட்ட துன்பமெல்லாம் தாமே விரும்பி ஏற்றது. எப்போது ஆறுவது, எப்போது மீண்டும் ஓடுவது என்று தீர்மானிப்பவரும் அவரே. பிறர் சுமத்தும் துன்பத்தில் அவ்வாறு இடைவேளை கிடைப்பதில்லை.

ஜான் ஹலூசாவை மனத்தில் இருத்துமாறு கேட்டிருந்தேன். அவர் புதிய ஆட்சிக்கு இணங்காதவர். 1948 இல் கைதுசெய்யப்பட்டுச் சிறையிலும் யுறேனியச் சுரங்கத்திலும் ஆண்டுகள் கழித்தார். மாணவன் ஹெல்சிங்கியில் மூன்று தங்கம் வென்றபோது, அவனுக்கு ஒழுங்காக ஓடக் கற்பித்தவர் கைதியாயிருந்தார். ஹலூசா 2011 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

சாட்டோபெக் பின்னர் பிராக் நகருக்குத் திரும்பி, பல மொழிகள் அறிந்தவராகையால், விளையாட்டுத்துறை ஆவண நிலையமொன்றில் அந்நியச் சஞ்சிகைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தார். ஆட்சி மாறியபின் 1990 இல் இழந்த மதிப்பு மீள வழங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 78 ஆவது வயதிற் காலமானார். பிராக் நகரத்துத் தேசிய நாடக மண்டபத்தில் நடந்த இறுதி வணக்கத்துக்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் முன்னாள் ஓட்டவீரர் வந்தனர். அவருடன் ஒரே நாளிற் பிறந்த டானா 2020 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதிவரை, தம் 97 ஆவது வயதுவரை, உயிருடன் இருந்தார்.